ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. இரண்டாவதும் பெண் என்பதில் ரொம்ப சந்தோஷம். தங்கச்சியை இன்னொரு முறை மேஜையில் படுக்கவைக்காமல் நீயே கருத்தடை செய்துகொள்வதாக எழுதியிருக்கிறாய். நல்ல முடிவு, பெண்களுக்குச் செய்வதைவிட இது சின்ன வேலை. ஆபரேஷன் எப்படி நடக்கும், பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

இப்போது பெரும்பாலும் செய்வது தழும்பில்லா முறைதான். 1974-ல் சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. விதைப்பைத் தோலை ஊசி போட்டு மரக்கவைத்து, ஒரே துளை வழியாக விந்தணு வரும் இரண்டு பக்கக் குழாயையும் வெளியே எடுத்து, வெட்டி அடைத்துவிடுவார்கள். தையல் இருக்காது, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல். நீயாக நிறுத்தாதே.

ஓரிரண்டு மணி நேரத்தில் மரப்பு விடும். அடிவயிற்றிலிருந்து இழுப்பது போல மந்தமான வலி வரும். அந்தக் குழாய் இடுப்பு மடிப்பு வழியாக மேலே போவதால் அப்படி. பாரசிட்டமால் போதும். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து எடு, நேராகத் தோலில் படக்கூடாது. இறுக்கமான ஜட்டியோ லங்கோடோ இரவிலும் போட்டிரு. 24 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம். காயத்தில் ஈரம் நிற்கக்கூடாது.

உன்னிடம் எனக்குப் பயம் ஒன்றுதான். மறுநாளே உடம்பு லேசாகத் தெரியும், நீ மண்டிக்குக் கிளம்பிவிடுவாய். விதைப்பைத் தோல் தொளதொளவென்று இருப்பது. உள்ளே சிறு ரத்தக்குழாய் கசிந்தால் அழுத்தி நிறுத்த ஒன்றும் இல்லாததால் ரத்தம் சேர்ந்துகொண்டே போய்க் கட்டியாகும். அதனால் 48 மணி நேரம் முழு ஓய்வு. மூட்டை தூக்குவது, சைக்கிள், பைக் எல்லாம் ஒரு வாரம் கழித்து. தோல் நீலம் பாரித்து, பிறகு மஞ்சளாகி மறைவது சகஜம். வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ, வலி குறையாமல் ஏறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. சில வாரம் கழித்துப் பட்டாணி அளவு முடிச்சு கைக்குத் தட்டுப்படலாம். வெட்டிய முனையில் விந்தணு கசிந்து உண்டாவது, பெரும்பாலும் தானே அடங்கும். நூற்றில் ஓரிருவருக்கு மட்டும் வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், வைத்தியம் இருக்கிறது.

ஆண்மை போய்விடும் என்று உங்கள் ஊர் டீக்கடையில் சொல்வதை விடு. ஆண் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலப்பது, இந்தக் குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விந்தில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம் என்பதால் அளவிலும் வித்தியாசம் தெரியாது. நாலைந்து நாளில் வலியில்லை என்றால் சேர்ந்திருக்கலாம். முதல் சில தடவை விந்து பழுப்பாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் மிரளாதே.

ஆனால் ஆணுறையை மறக்காதே. மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் தங்கிய தண்ணீர் வருகிற மாதிரி, வெட்டுக்கு மேலே தங்கிய விந்தணு வெளியேற இரண்டு மூன்று மாதம் ஆகும். 'ஆபரேஷன் பெயிலியர்' என்று சொல்லப்படுவதில் கணிசமானவை இந்த இடைவெளியில் ஏமாந்தவைதான். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை. நிறையப் பேர் இதற்குப் போவதே இல்லை, எனக்கு அதுதான் எரிச்சல். மாதிரியை லேப் தரும் டப்பாவில் எடு, ஆணுறையில் எடுத்தால் அதிலுள்ள மருந்து கெடுத்துவிடும். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடு. அணு தெரிந்தால் பதற வேண்டாம், டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடி பார்க்கலாம், அதுவரை ஆணுறை. அணு இல்லை என்று வந்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் தருவார்கள். வாங்கிப் பத்திரமாக வை. அதன்பின் குழாய் தானாகச் சேர்ந்துகொள்வது சுமார் இரண்டாயிரத்தில் ஒருவருக்கு நடக்கும்.

நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான இருவார முகாம் வரும், அந்தச் சமயம் உனக்கு மண்டியில் கூட்டம் குறைவா என்று எழுது. தங்கச்சிக்கும் குட்டிகளுக்கும் என் அன்பு.

உன்,
ரவி