கவுன்டர் ஊழியரின் பிடிவாதத்துக்கு ஒரு விலை உண்டு

ஆசிரியருக்கு,

நள்ளிரவில் காரெடுத்து, தொப்பூர் கணவாய் தாண்டி பெங்களூரு விமான நிலையம் போய், 'ஏற்ற முடியாது' என்ற ஒற்றை வார்த்தையோடு சேலம் திரும்புபவர்களின் கோபமெல்லாம் விமான நிறுவனத்தின் கவுன்டர் ஊழியர் மேல்தான். அவர் கணக்கு வேறு. ஆவணம் சரியில்லாத ஒருவரைக் கொண்டுபோய் இறக்கினால், அந்த நாடு விமான நிறுவனத்திடம் அபராதம் வாங்கும். பிரிட்டனில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி தலைக்கு 2,000 பவுண்டு. ஏறும்போது காட்டிய ஆவணம் போலி என்று பார்வைக்குத் தெரியவில்லை என நிரூபித்தால் தப்பிக்கலாம். பாஸ்போர்ட்டை ஸ்கேன் எடுத்து வைப்பது அதற்குத்தான். இந்தியாவுக்குள் அழைத்து வந்தால் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1 லட்சம் ரூபாய். அதை நீக்கிவிட்டு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5 லட்சம் வரை. திருப்பி அழைத்து வரும் செலவு தனி. இந்தப் பணத்தைப் பயணியிடமே வசூலிக்க டிக்கெட் நிபந்தனைகளில் இடமிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில். அப்பா பெயரை இனிஷியலாக வைப்பதால் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களை விசிட் விசாவில் ஏற்ற வேண்டாம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. அடுத்தது காலாவதி: சிங்கப்பூரில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு 6 மாத ஆயுள் வேண்டும். இன்னொன்று, மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுப்பது. நடுவில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டுமென்றால் குடியேற்றப் பிரிவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அந்த நாட்டு விசா இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

கவுன்டரில் பார்ப்பது, எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும் 'டைமேட்டிக்' என்னும் கணினி விதித்தொகுப்பை. குடியுரிமை, பாஸ்போர்ட் காலாவதி, இடையில் மாறும் நாடு என எல்லாம் கொடுத்தால் விடை வந்துவிடும். அபராதப் பயத்தில் சில ஊழியர்கள் விதி கேட்காததையும் கேட்பதுண்டு. ஆகவே மறுக்கும்போது எந்த விதி என்ற வரியை அச்சிட்டுக் கையில் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வாய்மொழி மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு டிக்கெட் பணம் கேட்டு வழக்காடுவது கடினம். சேலத்து முகவர்களும் பணம் வாங்குவதற்கு முன்பே இதே விவரங்களைச் சரிபார்க்கலாம். பத்து நிமிட வேலை.

- பயணச்சீட்டு முகவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.