டாக்டரம்மா இப்போது வீட்டில்

காரைக்குடி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள், என் மருமகள், டாக்டர் மேல்படிப்புக்கான நீட் பிஜி தேர்வில் தேறிவிட்டாள் என்று படித்ததும் இங்கே இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். மகப்பேறு மருத்துவம் எடுத்துப் படிப்பதா வேண்டாமா என்று குழம்புகிறாள் என்று எழுதியிருந்தாய். கூடவே, உன் தங்கச்சி ஏன் இவ்வளவு சீக்கிரம் அரசு டாக்டர் வேலையை விட்டாள் என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்த விஷயம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

60 வயது வரை இருக்கலாம். 54-இல் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். "அரசாங்கக் காசுல படிச்சவங்க இப்படிப் பாதியில விடலாமா?" என்று ஒரு உறவினர் என் முகத்துக்கு நேரே கேட்டார். பெரிய சம்பளத்துக்குத் தனியாருக்குப் போகிறாள் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். கூப்பிட்டார்கள்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

1998-இல் டிஎன்பிஎஸ்சி மூலம் வேலை கிடைத்து, முதுகுளத்தூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-இல். அதற்கு முன்பெல்லாம் வலி எடுத்த பெண்ணை டிராக்டரில்கூடக் கொண்டுவந்து இறக்குவார்கள். அப்புறம் மதுரையில் மேல்படிப்பு, பிறகு அரசு ஆஸ்பத்திரியில் சீமாங் மையம். ராத்திரி பகல் எந்நேரமும் சிசேரியன் செய்ய ஆள் இருக்க வேண்டிய இடம் அது. இருந்தது பெரும்பாலும் இவளும் இன்னொருவரும்தான். மயக்க மருந்து டாக்டர் பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும்.

ராத்திரி போன் அடித்தால் முதல் மணியிலேயே எழுந்துவிடுவாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கொண்டையைச் சுற்றிக்கொண்டே நர்ஸிடம் பேசுவாள். "பிபி எவ்வளவு? குழந்தைக்கு ஹார்ட் ரேட்? தண்ணி என்ன கலர்ல போகுது?" பனிக்குடத் தண்ணி பச்சையாகப் போகிறது என்று பதில் வந்தால், குழந்தைக்கு ஆபத்து என்று புரிந்து நான் வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவேன். "மயக்க மருந்து சாருக்குப் போன் போடுங்க, ரெண்டு யூனிட் ரத்தம் சொல்லி வைங்க." கடைசியாக அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்பாள். பெயர் கேட்காமல் போனை வைத்ததை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் அவளுக்குப் பாரமாகவே இருந்ததில்லை, மாப்ளே. பாரமானது வேறு.

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் நம் மாநிலத்தில் அது சும்மா போவதில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் தணிக்கை உண்டு. யார் எப்போது பார்த்தார்கள், எப்போது ரத்தம் ஏற்றினார்கள் என்று நிமிடக் கணக்கில் கேட்பார்கள். அது நல்ல ஏற்பாடு என்று அவளே சொல்வாள். லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் 134 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள், அது 2001-03 கணக்கு. 2018-20-இல் 54 ஆகக் குறைந்திருக்கிறது. அப்படிக் கேள்வி கேட்டதற்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம், கடுமையான ரத்தசோகை. குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கவே இல்லை, ரத்தப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பை சுருங்க ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, உள்ளே பலூன் வைத்து, ரத்தம் ஏற்றி, கடைசியில் ஆபரேஷன் வரை போயும் காப்பாற்ற முடியவில்லை. மயக்க மருந்து டாக்டர் வர ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று கூட்டத்தில் இவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். அந்த இடத்துக்கு ஆள் போடச் சொல்லி இவள் எழுதிய கடிதங்கள் அதே அலுவலகத்துக் கோப்பில்தான் இருந்தன. கேள்வி சரியானதுதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகும் இடம் காலியாகவே கிடந்தது. அன்றைக்கு அவள் மனதில் எழுதிய ஓய்வுக் கடிதத்தைத்தான் பிறகு தாளில் எழுதினாள்.

எழுதிக் கொடுத்ததும் அரசு உடனே விட்டுவிடவில்லை. பொதுநலன் கருதி டாக்டர்களின் விருப்ப ஓய்வை அரசு மறுக்கலாம் என்று உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் கோப்பு நகரும்வரை எங்களுக்கு நிம்மதியே இல்லை. 2003 ஏப்ரலுக்கு முன்பே பணியில் சேர்ந்தவள், பழைய ஓய்வூதியம் உண்டு. அது இல்லாவிட்டால் துணிந்திருக்க மாட்டோம்.

அரசாங்கக் காசு என்று கேட்டாரே, அவருக்கு நான் சொன்னது இதுதான்: 25 வருடத்துக்கு மேல் தன் ராத்திரிகளைக் கொடுத்து அந்தக் கடனை அடைத்திருக்கிறாள், இனி யாருக்கும் பாக்கி இல்லை. இப்போதும் அதையேதான் சொல்வேன்.

இப்போது அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது. தூங்குகிறாள். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் விடவில்லை, அதை அவள் மறைப்பதும் இல்லை. ஜூனியர் பிள்ளைகள் சந்தேகம் கேட்டுப் போன் செய்தால் முகமே மாறிவிடுகிறது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுகிறாள். போடுவது ஆபரேஷனில் போடும் முடிச்சு. பூ வாடி உதிர்ந்தாலும் அது அவிழ்வதில்லை.

மருமகளிடம் சொல்: பிரசவ அறையில் நிற்கும்போது அவளுக்குச் சந்தோஷம் வருகிறது என்றால் தாராளமாக எடுக்கட்டும். நீ தடுக்காதே. ஆனால் போஸ்டிங் போகும் இடத்தில் கூட எத்தனை மகப்பேறு டாக்டர், மயக்க மருந்து டாக்டர் உள்ளூரிலேயே இருக்கிறாரா, ரத்த வங்கி எவ்வளவு தூரம், இவற்றை முதலில் விசாரிக்கச் சொல். குவார்ட்டர்ஸ் எல்லாம் அப்புறம். வரன் பார்க்கும்போதும், ராத்திரி இரண்டு மணிக்கு முகம் சுளிக்காமல் வண்டி எடுக்கிற பையனாகப் பார்.

மேல்படிப்பு இடத்துக்கான கவுன்சிலிங்குக்கு முன்னால் ஒரு சனி ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு வா. அத்தை அவளிடம் நேரில் பேச வேண்டும் என்கிறாள், எழுத்தில் சொல்ல முடியாததும் இருக்கும் அல்லவா? பல்லவன் ரயிலில் டிக்கெட் போட்டதும் ஒரு வார்த்தை சொல். ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே