தணலுக்கு ஒரு மணி கட்டுங்கள்

தங்குமிட முன்பதிவுத் தளங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் எடுத்த ஒரு மலைக் கிராம வீட்டில், அறைக்குள் வைத்த தணலால் நானும் அம்மாவும் ஓர் இரவு சாகப் பார்த்தோம். நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று முறை எழுதிவிட்டேன், புகார் எண்ணும் தந்திருக்கிறீர்கள். அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: தணலோ எரிவாயுவோ வைத்துச் சூடேற்றும் அறை எதுவானாலும், அங்கே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்தால் கத்தும் அலாரம் இருப்பது உறுதியாகும்வரை அந்த வீட்டைப் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

வீட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சாலை முடிந்த இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏற்றம். மொத்தமே இரண்டு அறை. ஒன்றை எங்களுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கார அம்மாள் சமையலறையில் படுத்துக்கொண்டார். கடல் மட்டத்திலிருந்து 2,700 மீட்டர் உயரம். இருட்டியதும் விரல் மடங்க மறுத்தது. என் அம்மாவுக்கு 68 வயது. அவர் நடுங்குவதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் அடுப்புத் தணலை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளி வந்து கட்டிலருகே வைத்தார். அதோடு விடவில்லை. சன்னல் சட்டத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. பழைய துணியைக் கிழித்துச் சுருட்டி, கத்தி முனையால் குத்திக் குத்தி அதை அடைத்தார். முன்பு தங்கிய யாரோ ‘சன்னல் வழியே காற்று வருகிறது’ என்று உங்கள் தளத்தில் மதிப்புரை எழுதியிருந்தாராம். பேரன் படித்துக் காட்டியதிலிருந்து யார் வந்தாலும் அடைத்துவிடுகிறாராம். காலங்காலமாக அந்த வீட்டில் தணலோடு படுத்தவர்களை அந்த இடைவெளிதான் காப்பாற்றி வந்திருக்கிறது.

பத்து மணிக்கு எனக்குத் தலை கனத்தது, அம்மாவுக்குக் குமட்டல். உயரத்தால் வருவது என்றே நினைத்தோம். 2,500 மீட்டரைத் தாண்டினால் தலைவலி, குமட்டல், சோர்வு வரலாம், ஓய்வெடுங்கள் என்று உங்கள் தளத்திலேயே போட்டிருக்கிறதே! கார்பன் மோனாக்சைடு ஏறினாலும் இதே தலைவலி, இதே குமட்டல், இதே சோர்வு. அதைப் போடவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துப் பார்த்தேன். 94. அந்த உயரத்துக்கு நல்ல எண்தான் என்று நிம்மதியாகப் படுத்தேன். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சுமப்பது ஆக்சிஜனையா, இந்த வாயுவையா என்று பிரித்துப் பார்க்க அந்தக் கருவிக்குத் தெரியாது. இதைப் பிறகு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். இந்த வாயு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளுமாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது கழிப்பறை. வீட்டுக்கு வெளியே இருபதடி தள்ளி இருந்தது. அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்க வேண்டும் என்று வந்த அன்றே மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து கதவைத் திறந்தார், வாசற்படியிலேயே சரிந்தார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. எழ வேண்டும் என்றும் தெரிந்தது. கால் வரவில்லை. திறந்த கதவு வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரமென்று சொல்ல முடியவில்லை. கடைசியில் தவழ்ந்துதான் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். அறைக்குள்ளேயே கழிப்பறை உள்ள வசதியான வீடாகப் பார்த்து எடுத்திருந்தால் இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்காது.

இனி உங்கள் பதில்களுக்கு வருகிறேன். முதல் பதில், வருந்துகிறோம். இரண்டாவது, அந்த வீட்டில் புகை அலாரம் இருப்பதாகப் பதிவாகியுள்ளது. இருந்தது ஐயா, என் தலைக்கு நேர் மேலே தொங்கியது. கனிந்த தணலில் புகை ஏது? புகையாத தணல் என்பதால்தானே அதை நம்பி அறைக்குள் கொண்டுவருகிறார்கள்! மூன்றாவது பதில், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது.

வீட்டைச் சேர்ப்பதற்கு நீங்கள் நிரப்பச் சொல்லும் படிவத்தையும் பார்த்தேன். வைஃபை உண்டா, முடி உலர்த்தி உண்டா, சன்னலில் மலை தெரியுமா. மலைக் கிராமத்தில் மலை தெரியுமா என்று கேட்கத் தோன்றியவருக்கு, ராத்திரி எதை வைத்துக் குளிர்காய்வீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் மூச்சிரைக்க ஏறிய அந்த ஏற்றத்தில் உங்கள் கமிஷன் மட்டும் ஒரு நாளும் இளைப்பாற நின்றதில்லை.

கோபம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏதோ ஒரு வீட்டில் நடந்த தவறு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனுக்குச் சுற்றுலா போன கேரளக் குடும்பங்கள் இரண்டு, எரிவாயு ஹீட்டர் ஓடிய ஓர் அறையில் உள்ளே தாழிட்டுக்கொண்டு உறங்கின. எட்டுப் பேர். நான்கு பேர் குழந்தைகள். அந்த அறையில் ஒருவரும் பிழைக்கவில்லை. உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

அதற்காக அந்த அம்மாளின் வீட்டைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று எனக்கு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அவர் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. நான் கேட்கும் கருவி உள்ளங்கை அகலம்தான். பேட்டரியில் ஓடும், மின்சாரம் போனாலும் கத்தும். அதிலுள்ள உணரிக்கு ஆயுள் உண்டு, பத்தாண்டுக்கு மேல் நம்ப முடியாது. எனவே ‘இருக்கிறது’ என்ற கட்டத்தில் ஒரு டிக் மட்டும் போதாது. சுவரில் மாட்டிய படத்தோடு, பின்பக்கம் அச்சிட்ட தேதியின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். வாங்க முடியாதவர்களுக்கு உங்கள் கமிஷனிலிருந்து நீங்களே அனுப்புங்கள். அதுவரை, தயவுசெய்து, தீ வைத்துச் சூடேற்றும் எந்த அறையையும் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

அந்த அம்மாளுக்கு நானே ஒன்று வாங்கி அனுப்பிவிட்டேன். கட்டிலுக்கு மேலே மாட்டியாயிற்று என்று பேரன் படம் அனுப்பியிருக்கிறான். துணியையும் எடுத்துவிட்டார்களாம். அதே கிராமத்தில் உங்கள் பட்டியலில் இன்னும் ஒன்பது வீடுகள் இருக்கின்றன. குளிர்காலத்துக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது என்று நேற்றுத்தான் எனக்கு அறிவிப்பு அனுப்பினீர்கள்.

இப்படிக்கு,
மூன்று புகார் எண்கள் கையிலுள்ள உங்கள் வாடிக்கையாளர்