பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பிரிவுப் பெற்றோர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. மழை விடுமுறைகளுக்கு ஈடான சனிக்கிழமை வகுப்புகளும் நடந்தேறின. விளையாட்டிலும் கலைப் போட்டிகளிலும் பரிசு பெற்ற அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்ற ஆண்டு சி பிளஸ் பிளஸ் என்ற கணினி நிரல் மொழியைப் படித்த நம் பிள்ளைகள் இவ்வாண்டு பைத்தான் என்ற நிரல் மொழியைப் படிக்கிறார்கள். செய்முறைத் தேர்வுக்கு முன் வீட்டிலும் பயிற்சி தேவை என்று ஆசிரியர் சொன்னதை மதித்து, தங்களில் பலர் பழைய மடிக்கணினியையாவது வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் மாதக் கடைசியில் அது எவ்வளவு பெரிய செலவு என்பதை நான் அறிவேன். ஆகவே, பைத்தானை ஏற்றித் தருவதற்கென்று சிலர் கடைகளில் தனியாகப் பணமும் கொடுத்ததாகக் கேள்விப்பட்டபோது வருத்தமாக இருந்தது.

கைடோ வான் ரோசம் என்ற நிரலாளர் 1991-இல் வெளியிட்ட அந்த மொழிக்கு உரிமக் கட்டணம் எதுவும் கிடையாது. பைத்தான் டாட் ஆர்க் என்ற அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டைக் கொண்டே இறக்கிக்கொள்ளலாம். நிரல்களை எழுதி ஓட்டிப் பார்ப்பதற்கான ஐடில் என்ற மென்பொருள் அதனுடனேயே வந்துவிடும். விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில், 'பாத்'தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) பைத்தானைச் சேர்ப்பதற்கான சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்யாமல் விட்டால், பின்னர் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் பைத்தான் என்று அடித்தாலும் கணினி அடையாளம் காணாமல் போகலாம். பிள்ளைகள் கணினியே பழுது என்று சொன்னால், தயவுசெய்து முதலில் இதைக் கேளுங்கள். விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைத்தானின் 3.8 வரையிலான பதிப்புகளே ஏறும். நம் பாடத்துக்கு அதுவே போதும் என்பதால் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. சில கணினிகளில் கடைக்காரர்கள் பைத்தானின் பழைய 2.7 பதிப்பைப் போட்டிருக்கிறார்கள். 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்த அப்பதிப்பில், பயனரின் பெயரைக் கேட்கும் இன்புட் வரியிலேயே பிழை வருவதால், மாணவர்கள் தாங்கள் எழுதியதுதான் தவறு என்று எண்ணி மனம் சோர்கிறார்கள்.

இன்னொன்றை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகளில் நகலெடுத்த கோப்புகளோடு பென் டிரைவ்களை மாணவர்கள் ஆய்வகக் கணினிகளில் செருகியதால் வைரஸ் பரவி, அனைவருடைய செய்முறை வகுப்புகளும் தடைபட்டன. இனி பென் டிரைவுடன் வரும் எந்த மாணவரும் ஆய்வகத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார். எடுத்து வைக்கப்படும் பென் டிரைவ் பெற்றோரிடம் மட்டுமே திருப்பித் தரப்படும். இதில் எவருக்கும் விதிவிலக்கு இல்லை.

நிறுவுவதில் சிரமம் இருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் மடிக்கணினியைச் சார்ஜருடன் அனுப்பினால், கணினி ஆசிரியரே கட்டணமின்றிச் செய்து தருவார். வீட்டில் கணினி இல்லாத மாணவர்களுக்காக மாலை ஐந்தரை மணி வரை ஆய்வகம் திறந்திருக்கும். அந்நாள்களில் பிள்ளைகள் தாமதமாக வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவுப் பணி முடித்த கையோடு பெற்றோர் கூட்டத்துக்கு வந்து அமரும் தங்கள் அக்கறைக்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்