எய்ட் ஸ்டேஷன் ரேடியோ மேசைக்கு ஆள் வேண்டும்

கலிஃபோர்னியா மலைப்பாதைகளில் ஓடும், ஓட்டங்களுக்குத் தன்னார்வலராகப் போகும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தின் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உங்களில் சிலர் உண்டு. இடம் கிடைத்தால் எட்டு மணி நேரம் தன்னார்வப் பணி செய்தாக வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் நிரப்புவது, தர்ப்பூசணி நறுக்குவது, பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது என்று எல்லா வேலைக்கும் நம் ஆட்கள் வருகிறார்கள். வழியில் ஓட்டக்காரர்களுக்கு உதவும் எய்ட் ஸ்டேஷன்களின் ரேடியோ மேசையில்தான் பார்க்க முடிவதில்லை. அங்கேயும் வாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஜூன் மாதக் கடைசி முழு வார இறுதியில் சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒலிம்பிக் வேலியில் கிளம்புகிறவர்கள், ஞாயிறு காலை 11 மணிக்குள் ஆபர்ன் பள்ளி மைதானத்துக்கு வந்து சேர வேண்டும். நடுவே லாஸ்ட் சான்ஸ் தாண்டி டெவில்ஸ் தம்ப், மிச்சிகன் பிளஃப் என்று ஏறி இறங்கும் பள்ளத்தாக்குகளில் வெயில் கொளுத்தும். டவர் கிடைப்பதை நம்பி அங்கே எதையும் திட்டமிட முடியாது. அந்த இடைவெளியில் ஒருவர் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டால் நமக்கு எப்படித் தெரியும்? ஒரு நிலையத்தில் கிளம்பியவர் பட்டியலில் அவர் எண் இருக்கும், அடுத்த நிலையத்தில் வந்தவர் பட்டியலில் இருக்காது. சாதாரணக் கழித்தல் கணக்குதான். ஆனால் அதைப் போட இரண்டு பட்டியலும் ஓரிடத்தில் சேர வேண்டும், அதுவும் சீக்கிரம் சேர வேண்டும்.

குரலில் எண்களைப் படித்துக் காட்டினால் ஐம்பது பேருக்குப் பல நிமிடம் போய்விடும். இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும். அந்த நேரம் முழுக்க அலைவரிசை அடைபட்டுக் கிடப்பதால், மருத்துவ உதவி கேட்பவரும் காத்திருக்க வேண்டியதுதான். பல மலை ஓட்டங்களில் ஹாம் நண்பர்கள் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) பட்டியலைப் பாக்கெட் ரேடியோவுக்கு, அதாவது எழுத்தைச் சிறு பொட்டலங்களாக ரேடியோவில் அனுப்பும் முறைக்கு, மாற்றியது இதனால்தான்.

அது வேலை செய்யும் விதம் உங்களுக்குப் பிடிக்கும். தட்டச்சு செய்த வரியை மோடம் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றுகிறது. சாதாரண 2 மீட்டர் அலைநீள ஹாம் ரேடியோ அதை அனுப்புகிறது, எதிர்முனை மோடம் மறுபடி எழுத்தாக்குகிறது. நொடிக்கு 1200 பிட் என்பது இன்றைக்கு ஒரு வேகமே இல்லை. ஆனால் '214, உள்ளே, 14:32' என்ற வரிக்கு அது தாராளம். ஒவ்வொரு பாக்கெட்டின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. வழியில் ஏதாவது கெட்டுப்போனால் எதிர்முனை அதை ஏற்காது. பெற்றுக்கொண்டேன் என்று பதில் வராவிட்டால் நம் மோடம் தானாகவே திரும்ப அனுப்பும். இது, இரு முனைகளும் முதலில் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும் இணைப்பு முறையில் மட்டும். இருக்கும் இடத்தைப் பாக்கெட் ரேடியோவில் அறிவிக்கும் ஏபிஆர்எஸ் முறையின் இடக்குறிப்புகளுக்கு அப்படிப் பதில் எதுவும் வராது, போய்ச் சேர்ந்தால் சேர்ந்தது. ஆகவே பட்டியலுக்கு இணைப்பு முறைதான் சரி என்பது என் உறுதியான கருத்து. பள்ளத்தாக்கிலிருந்து நேரடியாக எட்டாத இடத்துக்கு, முகட்டில் ஒரு டிஜிபீட்டர் வைத்தால் அது வாங்கிக் கடத்திவிடும். எங்கே வைப்பது என்பதை ஓட்டத்துக்கு முன்பே மலையேறிச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஓடுகிற கால்கள் அந்த வேலைக்கு மிகவும் தேவை.

இந்தத் தொழில்நுட்பத்துக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்கும் பழைய உறவு. 1984-ல் பாப் புருனிங்கா விக்-20 கணினியில் எழுதிய நிரல், நூறு மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்று தெரிவிக்கப் பயன்பட்டது. பின்னாளில் ஏபிஆர்எஸ் ஆக வளர்ந்தது அந்த முயற்சிதான். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸும் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்ததுதானே? 1974-ல் டெவிஸ் கோப்பை என்ற அந்தக் குதிரைப் பந்தயத்தில் குதிரை இல்லாமல் கோர்டி ஐன்ஸ்லீ ஓடிய 23 மணி 42 நிமிடம் இல்லாவிட்டால் உங்கள் குலுக்கலும் இல்லை.

ஆளுக்கொரு சாட்டிலைட் டிராக்கர் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் அதன் குறிப்பு தாமதமாகும், பேட்டரியும் தீரும். அதைவிட முக்கியமாக, வரைபடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளி ஓய்வெடுக்கிறதா, வாந்தி எடுக்கிறதா என்று சொல்லாது. ஓட்டத்தைக் கைவிட்டு நண்பரின் காரில் வீட்டுக்குப் போய்விட்டவரை, எய்ட் ஸ்டேஷனில் ஒருவர் எழுதி அனுப்பினால்தான் பட்டியலிலிருந்து எடுக்க முடியும். இல்லையென்றால் அவரைத் தேடி இருட்டில் ஆட்கள் இறங்குவார்கள்.

2021 மே 22-ல் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த நூறு கிலோமீட்டர் ஓட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 172 பேர் ஓடினார்கள். திடீரென்று இறங்கிய குளிரிலும் ஆலங்கட்டி மழையிலும் 21 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய ஒருவர், மயங்கும் முன் தன் இடங்காட்டியில் உதவிக் குறி அனுப்பியதாக எழுதினார். அவரைக் குகைக்குத் தூக்கிச் சென்று காப்பாற்றியது ஆடு மேய்க்கும் ஒருவர். பாக்கெட் ரேடியோ இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. புள்ளி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, பார்த்துச் சொல்லவும் போய்ச் சேரவும் வழிநெடுக ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் குறைந்து வருகிறார்கள். நான் பார்க்கும் ரேடியோ மேசைகளில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். இரவு முழுக்கக் குளிரில் கண் விழிக்க அவர்களை இன்னும் எத்தனை ஆண்டு கேட்பது?

ஹாம் உரிமம் வாங்குவது கஷ்டமில்லை. தொடக்க நிலையான டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்வி, 26 சரியாக இருந்தால் போதும். கேள்வித் தொகுப்பு முழுவதும் முன்கூட்டியே வெளியிடப்பட்டது. மோர்ஸ் தேவையில்லை. குடியுரிமையும் தேவையில்லை, எச்1பி விசாவில் இருப்பவரும் எழுதலாம். உரிமம் தரும் அரசு அமைப்பான எஃப்சிசியின் கட்டணம் 35 டாலர், உரிமம் பத்து ஆண்டுக்கு. உரிமம் வருவதற்கு முன்பேகூட, உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்து கவனித்தால் நீங்கள் தட்டச்சு செய்யலாம்.

இரண்டு விதிகளை மட்டும் மனதில் வையுங்கள். இந்த வேலைக்குக் காசு வாங்கக் கூடாது. செய்தியின் பொருளை மறைக்கும் விதத்தில் குறியாக்கம் செய்யவும் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் ஒருவரின் உடல்நிலையைப் பெயரோடு சேர்த்து அனுப்பாதீர்கள், ஓட்ட எண் போதும்.

நம்மில் பாதிப்பேருக்கு மென்பொருள்தான் பிழைப்பு. தாமதமாக வரும் பட்டியலைச் சேர்ப்பது, இரண்டு முறை பதிவான எண்ணைப் பிடிப்பது, வரவேண்டிய நேரம் கடந்தவரைத் தானாகக் காட்டுவது எல்லாம் அலுவலகத்தில் தினமும் செய்கிற வேலைதான். பழைய நிரல்களைக் கட்டிக் காக்கும் பெரியவர்கள் உங்களைக் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள்.

டிசம்பர் குலுக்கல் முடிந்ததும் படிக்க ஆரம்பியுங்கள். உங்கள் ஓட்டக்குழுவிலிருந்து இரண்டு பேராவது, நீங்கள் போகும் ஓட்டத்தின் தொடர்புப் பொறுப்பாளருக்கு இப்போதே எழுதுங்கள். நூறு மைல் ஓட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்ப்பக்கம் நடக்கும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் பழகலாம். வரும்போது ஹெட்லேம்ப், மடக்கு நாற்காலி, கனமான ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். ரேடியோவும் பேட்டரியும் நாங்கள் எடுத்து வருகிறோம்.

அன்புடன்,
வட கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தமிழ் ஹாம்