தடைக்கு முன் ஒரு சோதனை

ஐயா,

பொது மைதானத்தில் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களைப் பறக்கவிடத் தடை என்ற செய்தியை நேற்றைய இதழில் படித்தேன். பார்வையாளர்மீது விழுந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் இத்தகைய விபத்துகள் பலவற்றுக்கு, பறக்கும் முன் தரையில் சோதிக்காமல் விட்ட சிறு குறையே காரணம். பால்சா என்னும் மிக இலேசான மரத்தில் மூன்று மாதம் செதுக்கிய என் முதல் விமானம், பேட்டரியை இரண்டு விரற்கடை பின்தள்ளிப் பொருத்தியதால் எடை சமன்படும் புள்ளியான ஈர்ப்பு மையம் நகர்ந்து, எழும்பிய சில நொடிகளில் மூக்கைத் தூக்கி, வேகமிழந்து விழுந்து நொறுங்கியது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு தள்ளி, இரு விரல் நுனிகளில் தாங்கிப் பார்த்திருந்தாலே வால் தாழ்வது தெரிந்திருக்கும் (அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது).

எனவே, முழுத் தடைக்குப் பதிலாக வாரம் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, எடைச் சமநிலை, சுக்கான்கள் அசையும் திசை, ரேடியோ எட்டும் தூரம் ஆகியவற்றை அனுபவமுள்ள ஒருவர் சோதித்த பின்னரே பறக்க அனுமதிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்