நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த விசுவாசம் பற்றிய கட்டுரையில், முழு மனத்தோடு ஜெபிக்கிறவர்களுடைய துன்பம் நெடுநாள் நீடிக்காது என்று எழுதப்பட்டிருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இதே சொல்லை, 2008-ஆம் ஆண்டு என் கணவரை அடக்கம் செய்த வாரத்தில், துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் எங்கள் ஜெபத்தில்தான் குறையோ என்று பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன். அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மே 2-ஆம் தேதி இரவு நர்கீஸ் புயல் கரையேறியது. எங்கள் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்தில் 1,30,000-க்கும் அதிகமானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதைப் பார்க்க, யாங்கோனில் இருந்த எங்களுக்கு நேர்ந்தது சிறியதே. தெருவில் நின்ற தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து எங்கள் தகரக் கூரையைப் பிளந்தது. ஏற்கெனவே நெஞ்சு நோயால் படுத்திருந்த என் கணவர் விடியும்வரை நனைந்தார். என் மாமியார் வைத்திருந்த தமிழ் வேதாகமமும் நனைந்து செங்கல்போல் ஊறிக் கிடந்தது.

மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் என் கணவரின் கட்டிலருகே உட்கார்ந்து, விளக்குமாற்று ஈர்க்கால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, பழைய துணியை மேலே விரித்து, கரி இஸ்திரிப் பெட்டியைச் சூடு அதிகமாகாமல் ஒற்றி ஒற்றி உலர்த்தினேன். பக்தியால் அல்ல, கைக்கு ஏதேனும் வேலை வேண்டியிருந்தது. ரோமர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் இருந்த தாள் பிரிய மறுத்து ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்டதால், அதை எழுத்தெழுத்தாக வாசிக்க நேர்ந்தது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்கிறார் பவுல். சிறு வயதிலிருந்து மனப்பாடமாய்ச் சொன்ன வசனந்தான். ஆனால் அதில் நம்பிக்கை கடைசியில் நிற்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். கட்டுரையாளர் அதை முதலில் வைத்து, அது இருந்தால் உபத்திரவம் விலகும் என்று வரிசையைத் திருப்பிவிட்டார்.

இந்த மண்ணிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 1813-இல் ரங்கூனுக்கு, அதாவது இன்றைய யாங்கோனுக்கு, வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனுக்கு முதல் பர்மிய விசுவாசி கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது, அன்றைய தலைநகரான ஆவாவில் விலங்கிடப்பட்டு ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தார். அவருடைய பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். விடுதலைக்குப் பின்னராவது துன்பம் ஓய்ந்ததா என்றால் இல்லை. 1826-இல் மனைவியையும், அடுத்த ஆண்டு மகளையும் இழந்தார். காட்டில் குடிசை போட்டு, தனக்கென ஒரு குழியைத் தோண்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஜெபிக்காதவரா? முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில் அவர் முடித்தது 1834-இல். இன்று நாங்கள் பர்மிய நண்பர்களோடு ஆராதிக்கும்போது கையில் எடுப்பது அந்த மொழிபெயர்ப்பையே.

என் கணவர் ஆகஸ்டில் காலமானார். நான் தாள்களை உலர்த்துவதைத் தினமும் வந்து பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பள்ளியில் பர்மிய மொழியே படித்த அவர்களுக்குத் தமிழ் காதில் விழுந்த மொழி மட்டுமே. அந்தத் தாள்களை வைத்தே அகரம் சொல்லிக்கொடுத்தேன். இன்றும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வகுப்பு நடக்கிறது. என் துக்கம் போய்விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சனிக்கிழமை பலகையைத் துடைத்து வைக்கிறேன்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீட்டை இழந்து மண்டலேயிலிருந்து வந்த ஒரு சிறுமியும் இப்போது அவ்வகுப்பில் இருக்கிறாள். எப்போது ஊர் திரும்புவோம் என்று கேட்கிறாள். இன்ன நாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கட்டுரையாளர் மறுபடியும் இப்பொருளில் எழுதுவாரானால், அவளைப்போன்றவர்களின் தாய்மாரும் அதை வாசிப்பார்கள் என்பதை மனத்தில் கொள்ளும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
யாங்கோன்